க்ரூஸ் கன்ட்ரோலும் ஒரு நாற்பது ரூபாய் பிளாஸ்டிக்கும்

எங்கள் குமரி மாவட்டத்தில் ஒருவன் தன் காரில் க்ரூஸ் கன்ட்ரோல், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கிற வசதி, இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. திருவட்டாரில் என் வீட்டிலிருந்து அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி என்று ஊர்ந்து நாகர்கோவிலைத் தாண்டும்வரை நாலாவது கியர் விழுந்தால் அது நல்ல நாள். முன்னால் ஒரு டெம்போ, டெம்போவுக்கு முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் கல் ஏற்றிய டாரஸ் லாரி. இதில் எங்கே போய் வேகத்தைப் பூட்டி வைப்பது?

ஆனால் நான் மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்க மதுரைக்குப் போகிறவன். வலது முழங்கால் தேய்ந்துபோனது. ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் அரை மணி நேரம் மிதித்துக்கொண்டிருந்தால் அன்று ராத்திரி தைலம் தேய்க்காமல் தூக்கம் வராது. தோவாளை, ஆரல்வாய்மொழி, காற்றாலைகள் எல்லாம் கடந்து காவல்கிணறில் நாலுவழிச் சாலை பிடித்தால் அங்கிருந்து மதுரைக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தூரத்துக்காகத்தான் 2018இல் பழைய கார் தேடும்போது, க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினேன். 2012 மாடல், பெட்ரோல், கையால் கியர் போடுகிற வண்டி. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகிற கோளாறு பல கம்பெனிகளின் பழைய வண்டிகளிலும் வருவதுதான்.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. வள்ளியூர் தாண்டி 80இல் செட் செய்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நாங்குநேரி டோல்கேட்டுக்கு முன்னால் ரோட்டில் ஒரு சின்ன மேடு. வண்டி லேசாகக் குலுங்கியது, மீட்டரில் ‘செட்’ விளக்கு அணைந்தது, வேகம் தானாகத் தளர்ந்தது. கை பட்டிருக்கும் என்று நினைத்து மறுபடி செட் செய்தேன். திரும்பி வரும்போது மூன்று தடவை அதே கதை. அடுத்த மாதம் போனபோது பிடிக்கவே இல்லை. பட்டனை அழுத்தினால் ‘க்ரூஸ்’ என்ற பச்சை விளக்கு மட்டும் எரியும். செட்டை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

இந்த இடத்தில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன். விளக்கு எரிகிறது, செட் மட்டும் வேலை செய்யவில்லை, அப்படியானால் செட் பட்டன்தான் போயிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சென்னையில் இருக்கிற மைத்துனனிடம் சொல்லி, புதுப்பேட்டையில் அலைந்து அதே மாடலின் பழைய ஸ்டீயரிங் சுவிட்ச் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி அனுப்பச் சொன்னேன். மாட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை. கழற்றிய சுவிட்ச் இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, குத்துக்கல் மாதிரி நல்ல நிலையில்.

ஸ்டீயரிங்கில் கைவைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் இருப்பது ஏர்பேக். அதைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். பேட்டரியை எடுத்த பிறகும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதில் மல்டிமீட்டர் முனையை வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

அடுத்துக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் கிளாக் ஸ்பிரிங் போய்விட்டது, 9,000 ஆகும் என்றார்கள். ஸ்டீயரிங்குக்கு உள்ளே கடிகாரச் சுருள் மாதிரி ஒரு தட்டையான ஒயர் சுற்றி வைத்திருப்பார்கள். சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் பட்டன், ஹாரன், ஏர்பேக் மூன்றுக்கும் தொடர்பு அறாமல் இருக்க அது. பழைய வண்டியில் அது அறுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறுந்தால் ஹாரன் அடிக்காது, அல்லது ஸ்டீரியோ பட்டன் வேலை செய்யாது, அல்லது ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுத்துவிடும். என் வண்டியில் மூன்றும் ஒழுங்காக இருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நான்கு மாதத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

இன்னொருவர் சொன்ன யோசனையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. “பிரேக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரை ஜம்பர் அடித்துவிட்டால் க்ரூஸ் பிடித்துக்கொள்ளும்” என்றார், அதாவது பிரேக் சுவிட்சைச் சேர்க்காமல் ஒயரை நேராக இணைத்துவிடுவது. பிடித்துக்கொள்ளும், சந்தேகமே இல்லை. பிரேக்கை மிதித்தாலும் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் கூடவே வரும். க்ரூஸ் கன்ட்ரோலில் மற்ற எதைத் தொட்டாலும் தொடலாம், பிரேக் சுவிட்சை ஏமாற்றுகிற வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இதற்கிடையில் வீட்டில் வேறு சில சங்கதிகள் நடந்துகொண்டிருந்தன. அவற்றை நான் க்ரூஸோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

கார்த்திகையில் இரண்டு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பேட்டரிக்கும் நாலு வருஷம் ஆகியிருந்தது. மழைக்காலம், வயதான பேட்டரி, போகட்டும் என்று 5,200 ரூபாய்க்குப் புதிது போட்டேன்.

அப்புறம் மார்கழியில் ஒருநாள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர், அவர் நாலு மணிக்கெல்லாம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர், சாயங்காலம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சாரே, உங்க வண்டிக்க பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சிட்டு கெடந்துது, கேட்டேளா. நேத்தும் கண்டேன்.” நான் வாத்தியாராக இருந்தவன் அல்லவா, விளக்கம் சொல்லாமல் இருக்க முடியுமா? “உன் தலையில் இருக்கிற லைட் பட்டு ரிஃப்ளெக்டர் மின்னியிருக்கும்” என்று ஒளிப்பிரதிபலிப்புப் பாடம் நடத்தி அனுப்பிவைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். சாரிடம் எதற்கு வாக்குவாதம் என்று நினைத்திருப்பார்.

மூன்றாவது சங்கதி இன்னும் சிறியது. மதுரைக்குப் புறப்படும் முன் என் மனைவி வண்டியைத் தூத்துச் சுத்தம் செய்வாள். டிரைவர் பக்கத்து மிதியடியில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்குகள், அரிசிக் குருணை அளவில் நாலைந்து கிடந்திருக்கின்றன. பேரன் விளையாட்டுச் சாமானை உடைத்துப் போட்டுவிட்டான் என்று அவனுக்குத்தான் திட்டு விழுந்தது.

தை பிறந்து, வில்லுக்குறிப் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், அவசரப்பட்டு எதையும் மாற்றமாட்டார் என்று ஒரு நண்பர் சொன்னதால் போனேன். முப்பது வயது இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு எண்ணைப் படிக்கிற ஸ்கேனரை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், சாவியைக்கூடக் கேட்கவில்லை. “சாரே, பொறத்த போய் நின்னு பிரேக் லைட்டு எரியுதான்னு சொல்லுங்க” என்றார்.

போய்ப் பார்த்தேன். எரிந்தது. “எரியுது” என்றேன்.

“நான் பிரேக்கு சவுட்டல்ல சாரே.”

அவர் இரண்டு காலையும் வெளியே நீட்டிக் காட்டினார். சாவி என் சட்டைப் பையில். வண்டியில் யாரும் எதையும் தொடவில்லை, பின்னால் மூன்று விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. பால் வெட்டுகிறவரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அவர் தரையில் மல்லாக்கப் படுத்து, தலையை பெடலுக்கு அடியில் நுழைத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பிரேக் பெடலின் மேல் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், அதன் முனையில் பேனாவின் பித்தான் மாதிரி ஒரு குச்சி. பெடல் ஓய்வாக இருக்கும்போது அது இந்தக் குச்சியை அழுத்தி வைத்திருக்க வேண்டும். மிதித்தால் பெடல் விலகும், குச்சி வெளியே வரும், விளக்கு எரியும். சுவிட்ச் வேலை செய்வது இப்படித் தலைகீழாகத்தான். குச்சி வந்து மோதுகிற இடத்தில் பெடல் தகட்டில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டையில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டாப்பர் மாட்டியிருப்பார்கள். என் வண்டியில் ஓட்டை மட்டும் இருந்தது. ஓட்டைக்குள் குச்சி நிம்மதியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் விரலால் குச்சியை அழுத்தினார். பின்னால் விளக்கு அணைந்தது. விரலை எடுத்தார், எரிந்தது. “இதாக்கும் சாரே கேஸு” என்றவர், மிதியடியைத் தூக்கி, அதன் அடியிலிருந்து ஒரு நீலத் துணுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பன்னிரண்டு வருஷ வெயிலிலும் வெக்கையிலும் பிளாஸ்டிக் மொரமொரப்பாகி, நகத்தால் அழுத்தினால் பொடிந்தது.

அந்த ஒரு துணுக்கில் எல்லாம் அடங்கிவிட்டது. ஐப்பசியில் ஸ்டாப்பர் விரிசல் விட்டிருக்கிறது. ரோட்டில் குலுங்கும்போது குச்சி ஒரு நூல் அளவு வெளியே வந்து போயிருக்கிறது, க்ரூஸ் கழன்றிருக்கிறது. பிறகு துண்டு துண்டாக உதிர்ந்து, சில ராத்திரி விளக்கு எரிந்தும் சில ராத்திரி எரியாமலும் இருந்திருக்கிறது. பிரேக் விளக்குக்குச் சாவி தேவையில்லை, நேராகப் பேட்டரியிலிருந்து வருவது. 21 வாட் பல்பு இரண்டு என்று வைத்தால்கூட மூன்றரை ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணி (ஏஎச்). என் பேட்டரியின் மொத்த அளவே 35தான். பாவம், நல்ல பேட்டரியைக் கிழடு என்று சொல்லித் தள்ளியிருக்கிறேன்.

பணம் போனதைவிட எனக்கு உறைத்தது வேறு. கடைசி இரண்டு மாதம் நான் நாலுவழிச் சாலையில் பிரேக் விளக்கு எரிய எரியப் போய் வந்திருக்கிறேன். நான் உண்மையில் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. தோவாளையில் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையால் ஏதோ காட்டியதை, பூச்சந்தை நெரிசலில் வழி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டவன் நான்.

எல்லோரும் ஸ்டீயரிங்கையே பார்த்தபோது உங்களுக்கு மட்டும் எப்படி பிரேக் தோன்றியது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சாரே, இந்த வண்டியில க்ரூஸுன்னு தனியா மெஷின் ஒண்ணும் கெடையாது. எஞ்சின் கம்ப்யூட்டருதான் எல்லாம் செய்யும். அதுக்கு நாலஞ்சு பேரு சம்மதிக்கணும். கல்யாணத்துக்குப் பெரியவங்க சம்மதிக்கணும்லா, அது மாதிரி. ஒருத்தரு வேண்டாம்னா முடிஞ்சு. யாரு வேண்டாம்னு சொல்லுகான்னு பாத்தா போதும்.”

சம்பந்தக் கணக்கில் அவர் சொன்ன பெரியவர்கள் இவர்கள். பிரேக் சுவிட்ச், இதில் பல வண்டிகளில் இரண்டு தொடர்புகள் இருக்கும். ஒன்று விளக்குக்கு, இன்னொன்று நேர் எதிராக வேலை செய்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது. இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் க்ரூஸைத் தராது. அடுத்து கிளட்ச் சுவிட்ச். அடுத்து வேக சென்சார், ஸ்பீடாமீட்டர் முள் துள்ளினாலோ செத்துக் கிடந்தாலோ க்ரூஸை மறந்துவிடலாம். எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தால் பல வண்டிகளில் க்ரூஸ் தானாகவே விலகி நிற்கும், முதலில் அந்தக் கோளாறைப் பார்க்க வேண்டும். வேகமும் 40க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவாக உள்ள கணக்கு. கடைசியாகத்தான் ஸ்டீயரிங் பட்டனும் கிளாக் ஸ்பிரிங்கும். நான் ஆரம்பித்தது இந்தக் கடைசியிலிருந்து.

காசு செலவில்லாமல் வீட்டு முற்றத்திலேயே பாதியைப் பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு வண்டியைச் சுவர் ஓரம் பின்பக்கமாக நிறுத்திப் பாருங்கள், சுவரில் சிவப்பு விழுகிறதா என்று. மிதித்தால் மட்டும் விழ வேண்டும், விட்டால் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பார்க்கிங்கிலிருந்து கியர் நகர மறுப்பதும், பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கை மிதித்தும் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிப்பதும்கூட இதே சுவிட்சின் சேட்டையாக இருக்கலாம். விளக்கெல்லாம் சரியாக இருந்தும் க்ரூஸ் வரவில்லை என்றால் அப்போதுதான் ஸ்கேனர். அதிலும் கோளாறு எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடிவிடக் கூடாது, ஓடும் நிலையைக் காட்டுகிற பக்கத்தில் பிரேக், கிளட்ச் இரண்டும் மிதிக்கும்போது மாறுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பது இருக்கட்டும், இந்த க்ரூஸ் கன்ட்ரோலை யோசித்தவருக்குப் பார்வையே கிடையாது. ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க எஞ்சினியர், ஐந்து வயதில் கண்ணை இழந்தவர். அவரை ஏற்றிக்கொண்டு போன வக்கீல் பேசும்போது வேகத்தைக் குறைத்து, கேட்கும்போது கூட்டி, குலுக்கிக் குலுக்கி ஓட்டினாராம், அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இது என்று ஒரு கதை சொல்வார்கள். 1950இல் காப்புரிமை வாங்கினார், 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. அந்தக் காலத்து வண்டிகளிலும் அதற்குப் பிறகு வெகுகாலம் வந்தவற்றிலும் தனியாக ஒரு மெஷின் ஆக்சிலேட்டரைக் கேபிள் வைத்து இழுக்கும். வேக்குவத்தில் இயங்குகிற மாதிரி வண்டி யாரிடமாவது இருந்தால், சுவிட்சைப் பார்ப்பதோடு ரப்பர் ட்யூபில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சில பழைய வண்டிகளில் பிரேக்குக்கு எல்இடி பல்பு மாற்றினாலே க்ரூஸ் நின்றுபோவதும் உண்டு, ஏனென்றால் பழைய பல்பின் இழை வழியாகத்தான் அந்தச் சர்க்யூட் முழுமையாகும்.

என் வண்டிக்கு வருகிறேன். ஸ்டாப்பர் அன்று கையில் இல்லை. ஓட்டைக்குப் பொருந்துகிற தட்டைத்தலை போல்ட் ஒன்றை ரப்பர் வாஷரோடு வைத்து முடுக்கித் தற்காலிகமாக விட்டார். மறுவாரம் நாகர்கோவில் ஸ்பேர் கடையில் அசல் ஸ்டாப்பர் கிடைத்தது, 40 ரூபாய். இரண்டாக வாங்கிக்கொண்டேன். கிளட்ச் பெடலிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது, அதையும் உதிர்வதற்கு முன்பே மாற்றியாயிற்று.

மாட்டும்போது அவர் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சுவிட்சை மரையில் திருகி முன்னும் பின்னும் நகர்த்தலாம். ரொம்ப முன்னால் வந்தால் சுவிட்சே பெடலைத் தள்ளிக்கொண்டிருக்கும், பிரேக் முழுசாக விடாமல் உரசிச் சூடாகும். ரொம்பப் பின்னால் போனால் விளக்கு அணையாது. குச்சி முழுக்க உள்ளே போய், சுவிட்சின் உடம்புக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதைக் கண்ணால் பார்த்து வைத்தார். பிறகு பெடலை விரல் நுனியால் மெல்ல அழுத்தி, கொஞ்சம் அசைந்ததுமே விளக்கு வருகிறதா என்று என்னைப் பலதடவை பின்னால் நிற்கவைத்துப் பார்த்தார்.

ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் ஊரில் பெரும்பாடு. வில்லுக்குறியிலிருந்து க்ரூஸ் போடத் தோதான ரோட்டுக்கு ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, அவரும் கூட வந்தார். காவல்கிணறு தாண்டி 70இல் செட் செய்தேன். பிடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிருக்கும், விளக்கு அணைந்தது. மறுபடி செட் செய்தேன். இரண்டு நிமிஷம், அணைந்தது. ரோட்டில் மேடு பள்ளம் ஒன்றும் இல்லை.

அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “சாரே, வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. உங்களுக்க எடது காலாக்கும் கேடு” என்றார்.

பார்த்தால் என் இடது கால் கிளட்ச் பெடல் மேல் இருந்தது. மிதிக்கவில்லை, சும்மா வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு இடது காலுக்கு வேறு இடம் தெரியாது. எப்போது பஸ் நிற்கும், எப்போது இடைவழியிலிருந்து ஆட்டோ நீட்டும் என்று அரைக் கிளட்சிலேயே வாழ்ந்த கால். அதன் பாரத்தில் பெடல் கொஞ்சம் இறங்கினால் போதும், கிளட்ச் சுவிட்ச் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடும். முன்பு எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். கிளட்ச் பக்கத்துப் பழைய ஸ்டாப்பர் தேய்ந்திருந்தாலும் சுவிட்ச் அதற்குத் தகுந்தபடி நெருக்கி வைக்கப்பட்டிருந்ததாம், இப்போது ஒழுங்காக வைத்ததும் உடனே உணர்கிறதாம். காலைக் கீழே வைத்தேன். நாங்குநேரி வரை விளக்கு அணையவில்லை.

திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அங்கே பிரேக்கைத் தொட்டு க்ரூஸை எடுத்துவிட்டேன், அது எப்போதும் செய்வதுதான். ஆனி ஆடிக் காற்றில் அந்த இடத்தில் இரண்டு கையும் ஒரு காலும் வேலையில் இருப்பது நல்லது. மழை ரோட்டிலும் போடுவதில்லை. தேங்கிய தண்ணீரில் டயர் வழுக்கும்போது வண்டி தானாக அதே வேகத்தில் ஓடப் பார்ப்பது நமக்கு ஆகாது.

பால் வெட்டுகிறவரிடம் மறுநாளே போய், அன்று நீ சொன்னதுதான் சரி என்றேன். “ஞான் அப்பளே பறஞ்சேன்லா சாரே” என்று சிரித்தார். பேரனிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி இருந்தது, அது ஒரு ஐஸ்கிரீமில் முடிந்தது.

மதுரைப் பயணம் இப்போது பழையபடி நடக்கிறது. ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் காவல்கிணறு தாண்டினதும் என் மனைவி தூங்கிவிடுவாள். இப்போது தூங்குவதில்லை. செட் விளக்கு எரிந்ததும் என் இடது பக்கம் குனிந்து பார்க்கிறாள், பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை, சத்தமே இல்லாமல், “காலு” என்கிறாள்.